அப்பா கத்தியை மடக்கிவிட்டால்

ஓப்ராக் மலைப் பண்ணை,
1974 பிப்ரவரி 11

அன்புள்ள மகன் பஸ்தியனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். மாடுகளும் நலம், சிவப்பி மட்டும் இந்த வருஷமும் சினை பிடிக்காமல் முரண்டு பண்ணுகிறாள். கனடாப் பனியில் நீ என்ன உடுத்துகிறாய், நீ வேலை பார்க்கும் ரொட்டிக்கடைக்காரர் வேளைக்குச் சோறு போடுகிறாரா என்று கேட்க ஆயிரம் இருக்கிறது. அதெல்லாம் அப்புறம். முதலில் சேதியைக் கேள். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

அப்பாவின் கத்தி தொலைந்துவிட்டது.

ஆமாம், அதே கத்திதான். சிறுவனாகக் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து அவர் கால்சட்டைப் பையில் குடியிருந்த கொம்புப்பிடி மடக்குக் கத்தி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர், சூப்புத் தட்டின் முன் உட்கார்ந்து பையைத் தடவினார். அப்புறம் இன்னொரு பையைத் தடவினார். "காணோம். கன்னுக்குட்டிய வண்டியில ஏத்தறப்ப விழுந்திருக்கும்" என்றார், ஏதோ பொத்தான் அறுந்து விழுந்த மாதிரி. எனக்குத்தான் பகீரென்றது. வீடு நிறையப் பழைய கத்திகளைச் சேர்த்து, துரு எடுத்து, பிடி மாட்டிக்கொண்டு திரிகிற பைத்தியம் நான். என் வீட்டிலேயே ஒரு கத்தி தொலைவதா? தொழுவம் முழுக்க வைக்கோலைப் புரட்டினேன். காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாணிக் குழியில்கூட விட்டுப் பார்த்தேன். வந்தது லாடம் ஒன்று, என் பழைய ஊசி ஒன்று. அப்பாவும் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். "அந்த மூலையில பாத்தியா, இந்தப் பலகைக்கு அடியில பாத்தியா" என்று குனிந்து குனிந்து தேடினார், பாவம். இதை உனக்கு முன்பே எழுதியிருப்பேன், கிடைத்துவிடும் கிடைத்துவிடும் என்றே இருந்துவிட்டேன்.

இனி மேசைக் கதையைக் கேள். இந்த வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததா? அவரவர் கத்தியை எடுத்து அவரவர் ரொட்டியை வெட்டிக்கொள்வோம். அப்பா 'டக்'கென்று தன் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது. பாலாடைக்கட்டி இன்னும் வாய்க்குள் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும், பேச்சு பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். இப்போது மடக்கக் கத்தி எங்கே? காய் நறுக்கும் மஞ்சள் பிடிக் கத்தியால் சாப்பிடுகிறார், அது மடங்காத ஜாதி. முதல் நாள் அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் எழவில்லை. இருமினார். வேலைக்காரன் ஃபிர்மன், "முதலாளி, அந்தப் பாலாடைக்கட்டிய இந்தப் பக்கம் தள்ளுங்க, இன்னும் ஒரு துண்டு போடலாம்" என்றான். அப்பா தள்ளினார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

அதோடு போயிற்றா? உன் அத்தை ஸெலி தன் கல்யாணக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். முழுசாக, கடைசிவரை. இருபது வருஷமாக "அப்ப பாருங்க, கோயில் கதவு தொறக்குது" என்ற இடத்தில் எப்போதும் 'டக்' விழுமே? கதவு திறந்து வந்தது மாப்பிள்ளை இல்லையாம், அவர் வண்டியை இழுத்து வந்த கோவேறு கழுதையாம், ஆளில்லாமல். மாப்பிள்ளை பனியில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் பின்னால் வந்தாராம். நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறோம், அப்பா திடீரென்று, "அந்தச் செருப்பைத் தேட அனுப்பினது என்னைத்தான்" என்றார். அத்தை வாயைப் பிளந்தாள். "டேய் கஸ்பார், இத ஏன்டா இத்தன நாளாச் சொல்லல?" என்றாள். "நீ எங்க கேட்ட" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். ஏன் என்று கேட்காதே.

என் பெட்டியிலிருந்து நல்ல வால்நட் பிடிக் கத்தி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டிப் பார்த்தேன். "இன்னொருத்தன் கத்தி எனக்கெதுக்கு" என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவேனா?

பஸ்தியன், நவம்பரில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது என்ன சொன்னாய்? "அந்தக் கத்தி இருக்கிற மேசையில இனிமே நான் உக்கார மாட்டேன்" என்றாய். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், கேட்டது, கேட்காத மாதிரி நின்றார். இப்போது அந்தக் கத்தியே இல்லை. உன் சபதத்துக்கு வேலையும் இல்லை. மே மாதம் இருபத்தைந்தாம் தேதி, மாடுகள் மேய்ச்சலுக்கு மலையேறும் நாள். வீட்டில் பெரிய சாப்பாடு. நீ வருவாயா என்று நான் கேட்கவில்லை, உன் நாற்காலியைத் துடைத்து வைக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

பனியில் தலையை மூடிக்கொள். கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா
ஒர்தான்ஸ்

•

ஓப்ராக் மலைப் பண்ணை,
ஏப்ரல் 9

என் கண்ணு பஸ்தியனுக்கு,

அம்மாவின் ஆசிகள். உன் அஞ்சலட்டை வந்தது. "யோசிக்கிறேன்" என்று ஒற்றை வார்த்தை. அட்டையில் நீர்வீழ்ச்சிப் படம் பெரிசாக இருக்கிறது, சேதிதான் சிறுத்துவிட்டது. போகட்டும். அதைவிடப் பெரிய விஷயம் என் மடியில் இருக்கிறது.

கத்தி கிடைத்துவிட்டது. எங்கே? எஸ்பாலியோன் பழைய சாமான் சந்தையில்!

நான் வழக்கம்போல வெள்ளனவே போய்விட்டேன். உனக்குத்தான் தெரியுமே, நல்ல கத்தியெல்லாம் ஊர் விழிப்பதற்குள் போய்விடும். மர்தினோ என்று ஒரு வியாபாரி, தெற்கத்தி ஆள், வண்டி முழுக்க ஓட்டை உடைசல். ஒரு தகர டப்பாவில் துருப்பிடித்த ஸ்பூனும் திருகாணியுமாகக் கிடந்தது. உள்ளே கையை விட்டேன். கொம்புப் பிடி தட்டுப்பட்டதுமே விரல் சொல்லிவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன்: பிடியில் புள்ளி புள்ளியாக ஆணி அடித்த சிலுவை, அதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் செம்பு. அந்தச் செப்பு ஆணியை அடித்தது நான்தானே, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். அலகை விரித்தேன். கூரின் நடுவில் பல் விழுந்த பள்ளம். இந்தக் கத்திகளை மடக்கும்போது கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். அப்படியே விட்டால் அலகு போய் ஸ்பிரிங்கில் மோதி, கூர் ஒரே இடத்தில் அடிபட்டு மழுங்கும். "கத்திய அறையாதீங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. வேளாவேளைக்கு நம் எல்லோரையும் எழுப்பிவிட்ட அந்த 'டக்' அத்தனையும் சேர்ந்து வைத்த தடம் அது. உலகத்தில் வேறு எந்தக் கத்திக்கும் அந்த இடத்தில் அவ்வளவு ஆழமாகப் பல் விழுந்திருக்காது.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் விலை கேட்டேன். அந்த ஆள் லேசுப்பட்டவரா? "அம்மா, கையில எடுத்துட்டு நீங்க மூச்சே விடல, அப்பவே விலை ஏறிப்போச்சு" என்றார். ஒரு வழியாகப் பேசி வாங்கினேன். பிறகுதான், இது எப்படி உங்க கைக்கு வந்தது, வைக்கோல்ல கிடந்ததா என்று கேட்டேன்.

"வைக்கோலா? டிசம்பர் மாட்டுச் சந்தையில ஒரு மீசைக்காரர் கொண்டாந்து நீட்டினாரு. கன்னுக்குட்டி வித்துட்டு வந்தவரு. எவ்வளவு வேணும்னேன். ஒண்ணும் வேண்டாம்னாரு. கத்தியச் சும்மா வாங்கினா ஆகாதே, சாஸ்திரத்துக்கு ஒரு காசு கையில திணிச்சேன். 'இந்த மலைப் பக்கம் மட்டும் விக்காதே, எங்கயாவது தொலைவுல கொண்டு போய்த் தள்ளு'ன்னுட்டுப் போனாரு. இது அடிவாரம்தானே, மலை இல்லியே?" என்றார்.

பஸ்தியன், அந்த மீசைக்காரர் உன் அப்பாதான். அந்த மனுஷன் தொலைக்கவே இல்லை. கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். அப்புறம் வீட்டுக்கு வந்து, பையைத் தடவி, என்னோடு சேர்ந்து விளக்கு பிடித்துக்கொண்டு தொழுவத்தில் தேடியிருக்கிறார், "இந்தப் பலகைக்கு அடியில பாத்தியா" என்று. கல்லுளிமங்கன். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, அப்புறம் என் மனுஷன் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. இத்தனை வருஷத்தில் இவரை எனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன். ஆனால் துருப்பிடித்த கத்தி பெட்டிக்குள் இருந்தால் எனக்குத் தூக்கம் வருமா? மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன். சாணைச் சக்கரத்தில் வைத்துப் பளபளப்பாக்கவில்லை, பயப்படாதே. அதெல்லாம் தெரியாதவர்கள் செய்யும் வேலை. எண்ணெயும் இரும்புப் பஞ்சுமாகத் துருவை மட்டும் எடுத்தேன். ஆப்பிளும் கொத்துக்கறி அடைத்த சாஸேஜும் வெட்டி வெட்டி ஏறிய கருமை அப்படியே இருக்கிறது. கொம்பு உலர்ந்து வெடிக்கப் பார்த்தது, வால்நட் எண்ணெயைத் தடவித் தடவி உயிர் கொடுத்தேன். அந்தப் பல்லைத்தான் கல்லில் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தேன். அலகு ஒரு இழை இளைத்தது, பல் போய்விட்டது. உள்ளே, அலகு மோதும் இடத்தில், தோல் துண்டு ஒன்றை ஒட்டினேன். இப்போது எவ்வளவு ஓங்கி மடக்கினாலும் சத்தமே வராது.

நேற்றுச் சாயங்காலம் பட்டறைப் பலகையில் அதை விரித்து வைத்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பால் வாளியோடு உள்ளே வந்தார். மறைக்க நேரமில்லை. பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். கத்தியைக் கையில் எடுத்தார். செம்புப் புள்ளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மடக்கினார், அறையாமல், விரலால் பிடித்து மெல்ல இறக்கி. முதல் தடவையாக. என் கையிலேயே திருப்பி வைத்து, "இது உன் பெட்டியிலயே இருக்கட்டும். மேசைக்கு வேண்டாம்" என்றார்.

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவன் போறதுக்கு முந்தி, அன்னைக்கு மேசையில ஏதோ சொல்ல வாயெடுத்தானே. 'அப்பா, நான்'னு ஆரம்பிச்சான். நான் மடக்கிட்டேன். என்ன சொல்ல வந்தான்?" என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க சொல்ல விட்டிருந்தாத்தானே" என்றேன், வாய்க்கு வந்ததை. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. வாளியை எடுத்தார். "எழுதிக் கேளேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று காலையில் தபால் நிலையத்துக்குப் போய் இந்த உறைக்குத் தபால்தலை வாங்கி வந்ததும் அவர்தான். எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று கேட்காமல் ஒரு கத்தையாக வாங்கி வந்திருக்கிறார்.

கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். பண்ணை வேண்டாம் என்று சொல்ல வந்தாயா, யாரையாவது கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல வந்தாயா, எனக்குத் தெரியாது. நானும் அன்று உன்னைக் கேட்காமல் விட்டவள்தான், தட்டுகளை எடுத்து அடுக்கப் போய்விட்டேன். ஆனால் பதிலை எழுதி அனுப்பாதே. என்னிடம் சொல்லவும் வேண்டாம். மே இருபத்தைந்தாம் தேதி வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா, நான்" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பி. பிடித்ததோ பிடிக்காததோ, நீ சொல்லி முடிக்கும்வரை இந்த வீட்டில் ஒருத்தரும் எழமாட்டோம். உன் அத்தையைக்கூட வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

சூப்பு அடுப்பிலேயே இருக்கும், சாமி. வந்துவிடு.

உன் அம்மா,
அவருக்காகவும்