சின்ன மேளத்தை என்ன செய்வது

டூக் டி கஷியாஸ்
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டல்வா அக்காவுக்கு,

அரிஸ்தேவு எழுதுவது. எனக்குக் குறை ஒன்றுமில்லை. பள்ளிக்குப் போகிறேன், வருகிறேன், சோறும் பீன்ஸும் சமைக்கிறேன், தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் தூங்கிவிடுகிறேன். ஜெனிவாலுக்குக் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று ஜாசிரா சொன்னாள். விரல் மடங்குகிறதா என்று கேட்டேன். அதை நீயே எழுதுவாய் என்றாள். எழுது.

இந்தக் கடிதம் அவள் கையில்தான் உன்னிடம் வரும். நீயும் உன் மகன் ஜெனிவாலும் எந்த ஊரில் மறைந்திருக்கிறீர்கள் என்று, உங்களுக்கு அடைக்கலம் கொடுத்த அவள் அமைப்புக்காரர்கள் எனக்குச் சொல்வதில்லை. கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியலேன்னா உங்கள மிரட்டி யாரும் வாங்கவும் முடியாது, வாத்தியாரே" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் என் அக்கா இருக்கும் இடம் ஓர் அந்நியப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இதையும் மறக்கமாட்டேன்.

தீப்பிடித்த அன்று ஆம்புலன்ஸில் ஜெனிவாலோடு ஏறிய நீ, பிறகு இந்தத் தெருவுக்கே வரவில்லை. அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன். மறுநாள் காலை நான் போனபோது உன் சாமி வீட்டு முற்றத்தில் உன் சிஷ்யைகள் வெள்ளை உடுத்தி வரிசையாக நின்று கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியபடி, உடைந்த சாமிக் கலயங்களையும் பாதி எரிந்த உருவங்களையும் மூன்று மேளங்களில் எரிந்துபோன இரண்டின் கரிக்கட்டையையும் வேனில் ஏற்றி, ஷெரேம் அருவியில் விட அனுப்பியாகிவிட்டது. மிச்சமிருந்த தரையில் திருநீற்றுப்பச்சை அரைத்த தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். போலீஸ் வந்து பார்க்கும்வரை ஒரு துரும்பைக்கூடத் தொடக் கூடாது என்றேன். உன் சிஷ்யைகளில் மூத்தவளான ஒந்தீனா அம்மாள் வாளியைக் கீழே வைக்காமலே, "தள்ளு தம்பி. உன் போலீசு பல்லு விளக்கி, காபி குடிச்சு வர்ற வரைக்கும் சாமி குப்பையில கெடக்கணுமா?" என்று கேட்டாள்.

போலீஸ் மூன்றாம் நாள் வந்தது. வந்தவர்களில் ஒருவன் மூக்கை உறிஞ்சி, "நல்ல வாசனை, சூப்பு வைக்கலாம் போல" என்றான். மின்கசிவு என்று எழுதிவிட்டுப் போனார்கள். வாரக்கணக்காக உன் வாசலில் நின்று சாத்தானை விரட்டுகிறோம் என்று பாடி, கல்லெறிந்து, கடைசியில் பெட்ரோலை ஊற்றிய அந்த நான்கு பேரும் அந்த வாரமே தெருமுனையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு நான் வரலாறு கற்றுக்கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னான்.

அப்பாவின் மனையில் நீ சாமி வீடு கட்டியதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது வேறு வழக்கு. ஆனால் ஆதாரத்தை நீங்களே கழுவி ஆற்றில் விட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜாசிராவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பிஸ்கட்டும் துண்டறிக்கையும் கொண்டு வரும் ஆட்களை நான் நிறையப் பார்த்தவன். ஆனால் காவல் நிலையத்துக்கு என்னோடு வந்தாள், வாசலோடு திரும்பாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அதிகாரி சிரித்துக்கொண்டே, "பேய் கூப்பிடுற எடத்துல தீப்பிடிச்சா அது பேயோட வேலதானே, மேடம்" என்றார். இவள் முகம் மாறவில்லை. "அருமையா சொன்னீங்க சார். இத அப்படியே எழுதி உங்க பேரையும் போடுங்க, நாங்க சாட்சிக் கையெழுத்து போடுறோம்" என்றாள். அவர் எழுதவில்லை. ஆனால் அதன் பிறகு எங்களுக்கு நாற்காலி கிடைத்தது, புகாரில் மதவெறுப்பு என்ற வார்த்தையும் ஏறியது.

வியாழக்கிழமைகளில் அவர்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது. என்னைப் போன்றவர்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஒரு தச்சர் வருகிறார்; இன்னொரு பையனின் கையைப் பிடித்து நடந்ததற்காக அவர் மகனை அடித்துக் கொன்றுவிட்டார்கள். முதல் நாள் அவர் என்னிடம், "இங்க அழணும்னு கட்டாயம் இல்ல, வாத்தியாரே. நான் நாலு மாசமா காபிக்குத்தான் வர்றேன்" என்றார். அவருக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன். எனக்கும் அழுகை வரவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. நேற்று ரொட்டிக் கடை வரிசையில் எதிர்வீட்டு நெய்டி திரும்பிப் பார்த்து, "உங்கக்கா வேற ஊருக்குப் போய்ட்டாங்களாமே! நல்லதுதான், இப்பத்தான் மேளச் சத்தம் இல்லாம நிம்மதியா தூங்குறோம்" என்றாள். நான் கடைக்காரரிடம் ஆறு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அதில் இரண்டைத் தின்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெனிவால் தீக்குள் புகுந்து இழுத்து வந்த சின்ன மேளம் என் கார் டிக்கியில்தான் இருக்கிறது. கை வெந்த நிலையிலும் அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மாமா, இத மண்ணுல மட்டும் வெச்சிராதீங்க." அப்போதே தூக்கி டிக்கியில் வைத்தேன், அதனால்தான் அது அருவிக்குப் போகாமல் தப்பியது. அதையும் வெள்ளைத் துணியில் சுற்றி ஷெரேமில் விட்டுவிடச் சொல்லி நீ மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டாய். நான் செய்யவில்லை. டிக்கியைத் திறந்தால் இன்னும் பெட்ரோல் வாடை அடிக்கிறது, அக்கா. ஒரு பக்கம் கரி, இன்னொரு பக்கம் தோல் அப்படியே இருக்கிறது.

அமைப்பின் வக்கீல் வந்து பார்த்தார். இந்த மாதக் கடைசிக்குள் புதிதாக ஏதும் கொடுக்காவிட்டால் வழக்கை மூடிவிடுவார்களாம். இதைக் கொடுத்தால், பெட்ரோல் ஊறியிருக்கிறது என்று நிரூபிக்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தோலை அறுத்து எடுப்பார்கள், கட்டையைத் துளைப்பார்கள், வருஷக்கணக்கில் திரும்பி வராது. இவ்வளவு நாள் டிக்கியில் கிடந்ததைக் காட்டி எதிர்த் தரப்பு கேலி செய்யும், நீதிபதி ஏற்காமலும் போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் இதைத் தவிர வேறொன்றும் நம்மிடம் இல்லை.

உடனே எடுத்துப் போங்கள் என்று சாவியை நீட்டினேன். ஜாசிரா வாங்கவில்லை. உன்னிடம் கேட்காமல் தொடமாட்டாளாம். நீ எப்படியும் மறுப்பாய், வழக்கு செத்துப்போகும் என்றேன். அவளாவது உன்னை வற்புறுத்தட்டும் என்று கெஞ்சாத குறை. "நாங்க கேஸுக்கு ஆள் இல்ல, உங்க அக்காவுக்கு ஆள். அவங்க வேணாம்னு சொன்னா, அருவி வரைக்கும் உங்ககூட வந்து நிப்போம். அவங்க கிட்ட கேக்காமத்தான் அந்த நாலு பேரும் ஏற்கனவே ஒருதரம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்களே" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆகவே கேட்கிறேன். நடுநிலை வேஷம் போடமாட்டேன்: கொடுக்கலாம் என்று நீ சொல்ல வேண்டும். அந்த நான்கு பேரும் ஒரு நாளாவது நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். உங்களுக்கு மேளமும் சாமிதான்; அறுப்பது சாமியின் தோலை, அது உனக்கு எப்படி என்பது எனக்குப் புரியாது. புரிந்ததாகச் சொன்னால் பொய். ஜெனிவாலையும் கேள். அதற்கு விலை கொடுத்தது அவன் கைகள்.

வேண்டாம் என்று எழுதினால் அதையும் செய்வேன். வெள்ளைத் துணி வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய பாறைக்குக் கீழே, தண்ணீர் சுழலாமல் ஓடும் இடத்தில் விடுகிறேன். போன சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எதுவானாலும் இந்த வாரத்துக்குள் ஜாசிராவிடம் சொல்லி அனுப்பு. நீதிமன்றமோ அருவியோ, டிக்கியிலிருந்து அதைத் தூக்கப்போவது என் கைதான். தூக்குகிறவன் முதலில் உன்னிடம் ஆசி வாங்க வேண்டும் என்று ஒந்தீனா அம்மாள் சொல்கிறாள். உன் சிஷ்யர்கள் கேட்பதுபோல் எனக்குக் கேட்கத் தெரியாது. தெரிந்த விதத்தில் கேட்கிறேன்.

ஆசி கொடு, அக்கா.

உன் தம்பி
அரிஸ்தேவு