பாக்கியம் அக்காவுக்கு ஒரு பனிநாட்டுச் சொல்

சிரிக்க வைத்தே என்னை சூப்பர்வைசரிடம் மாட்டிவிட்ட பாக்கியம் அக்கா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் மாலா, தன் புருஷன் யானிஸ் லாத்வியாக்காரர் என்றபோது, "நம்ம ஊரு கூலாயிலருந்து அங்க பஸ் போகுதா?" என்று கேட்டவள் நான்தான். ஐரோப்பாவாம், பனி கொட்டுகிற நாடாம். மாப்பிள்ளை சிரிக்கவே இல்லை. "நோ பஸ், ஆன்ட்டி" என்றார்.

நீ போய் ஒரு வருஷம். பத்திரிகையில் நினைவஞ்சலி போட, உன் படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்று மாலா கேட்டாள். அன்னாசி ஆலையில் உன் பக்கத்தில் நின்றே பழம் சீவியவள் அல்லவா நான்? "கவலையில்லாத மனுஷின்னு போடு லா" என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஊரே அப்படித்தான சித்தி ஏசுச்சு? மகன் செத்த மறுமாசமே சிரிக்கிறா, கவலையே இல்லாதவன்னு. நீங்களுமா?"

ஊர் ஏசியதையே நானும் சொல்லிவிட்டேன். என் வாய், அக்கா!

யானிஸ் என்னவென்று கேட்டார். மாலா சொன்னதும், எங்களிடமும் அப்படி ஒரு சொல் உண்டு என்றார்: பெஸ்பேதீக்ஸ். எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு திரிகிறவரை அப்படிச் சொல்வார்களாம். 'பெஸ்' என்றால் இல்லாமல், 'பேதா' என்றால் துன்பம். அந்தப் 'பேதா'வே எந்தக் காலத்திலோ பக்கத்து நாட்டுப் பேச்சிலிருந்து வந்ததாம். பக்கத்து வீட்டில் சீனி வாங்குவோம், துன்பத்தையுமா வாங்குவார்கள்?

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அத்தனை தூரத்தில் இருப்பவர்களும் நம் 'கவலையில்லாத' மாதிரியே, சொல்லுக்குள் துன்பத்தை வைத்துவிட்டுத்தான் அது இல்லை என்கிறார்கள். அங்கேயும் ஒரு பாக்கியம் இருந்திருப்பாளோ?

அப்போதுதான், நீ யாரிடமும் சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். உன் மகன் போன பிறகு தினமும் காலையில் ஆலைக்குப் பின்னால் குழாயடியில் நின்று அழுவாய். முகம் கழுவுவாய். உள்ளே வந்து, "என்னடி குண்டு, இன்னிக்குப் பழத்த சீவுறியா, விரல சீவுறியா?" என்பாய்.

 மாலா, "அந்தக் 'கவலையில்லாத மனுஷி'யையே போட்ருவோம் சித்தி" என்றாள்.

இனி எவளாவது உன்னை அப்படி இழுத்துப் பேசினால், குழாயடிக் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்தது. எழுத்தெல்லாம் சரி. நாம் இருவரும் சேர்ந்து நிற்கிற படத்தை ஃபோனில் வெட்டி அனுப்பியது நான். வந்திருப்பது என் முகம். மதியத்துக்குள் மூன்று பேர் என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்லம்மா