கத்திரிக்காய் மூழ்கிய கிருத்திகை

அறிவியல் கண்காட்சி மேசைகளுக்குப் பச்சை விரிப்புக்குப் பதிலாக இனி நீல விரிப்பே போடுவது என்று நம் பள்ளி நிர்வாகம் சென்ற வாரம் ஏகமனதாகத் தீர்மானித்தது. தாளாளர் எழுந்து நின்று அறிவித்தார். கல்வித் தரத்தை உயர்த்தும் நடவடிக்கைகளில் இது முதலாவது என்றார். இரண்டாவது எது என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினோம், தேநீர் வந்தது.

பழைய விரிப்பை அலமாரியிலிருந்து எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பிரித்ததும் அந்துருண்டை வாசனை. நடுவில் உப்புநீர் ஊறிச் சாயம் வெளுத்த வட்டம். நீ வைத்த கண்ணாடிப் பாத்திரத்தின் தடம் அது. நீ செத்துப்போய் முதல் திவசமும் ஆகிவிட்டது. எத்தனையோ முறை துவைத்தும் வட்டம் போகவில்லை.

ஐந்தாம் வகுப்பை நீ எதற்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. பக்கத்து அறையில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் காரணம் சொன்னாய். "நாலாவது வரைக்கும் ஏன்னு கேட்டுட்டு ஓடிப் போயிடுதுங்க. ஆறாவதுல கேக்கறதையே நிறுத்திடுதுங்க. அஞ்சாவதுலதான் கேட்டுட்டு பதிலுக்கு நின்னுகினு இருக்கும்பா." அந்த நிற்கிற ஒரு வருஷத்துக்குள் நம் பள்ளி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவை: டை கட்டுவது, வரிசையாகப் போவது, விருந்தினர் வந்தால் ஒரே குரலில் 'குட் மார்னிங் சார்' என்று இழுப்பது. பெற்றோருக்கு இதுவே போதும். பொதட்டூர்பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் வேனில் பிள்ளைகளை அனுப்பியவர்கள், பிள்ளை வீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ ஒன்றைக் கடகடவென்று ஒப்பித்தால் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என்ன சொன்னது என்று கேட்டதில்லை.

அந்த வட்டம் விழுந்த ஆண்டு, கண்காட்சியில் உன் வகுப்புக்குக் கிடைத்த சோதனை பழையதுதான். முட்டை சாதாரண நீரில் மூழ்கும், உப்பு கரைத்த நீரில் மிதக்கும். பிள்ளைகள் ஆங்கில உரையை மனப்பாடம் செய்து முடித்த பிறகுதான் கண்காட்சி நாள் கிருத்திகையில் விழுவதை யாரோ கவனித்தார்கள். தாளாளர் நம் ஆசிரியர் அறைக்கே ஓடி வந்தார்.

"மலையடிவாரத்துல இஸ்கூல் வெச்சிகினு, கிருத்திகை அன்னிக்கு மேசை மேல முட்டையா? காவடி எடுத்துகினு போறவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"வேற நாள் வெச்சிக்கலாம் சார்," என்றாய் நீ.

"சீஃப் கெஸ்ட்டு டேட் குடுத்துட்டாரு மிஸ். முட்டைக்கு பதிலா வெள்ள கத்திரிக்கா வைங்க. பாக்கறதுக்கு முட்ட மாதிரியேதான கீது?"

அவருடைய அறிவியல் ஆராய்ச்சி அத்துடன் நிறைவடைந்தது. நீ நேரே போய்ச் சமையல் ஆயாவிடம் ஒரு கத்திரிக்காய் வாங்கி வந்து, அவர் கண்ணெதிரே வாளித் தண்ணீரில் போட்டாய். சாம்பாருக்குக் காய் நறுக்கிய எவருக்கும் தெரிந்தது நடந்தது.

"நல்ல தண்ணியிலயே மெதக்குது சார். உப்பு போடறதுக்கு முன்னாடியே."

"மெதக்கட்டும் மிஸ். பசங்க முழுவுதுன்னு சொல்லட்டும். ஸ்பீச்ச மாத்தாதீங்க, இங்கிலீஷ் நல்லா வந்துகீது. அன்னிக்கு எதனா ஏடாகூடம் ஆச்சுன்னா உங்களுக்கு அஞ்சாங்கிளாஸ் கிடையாது. சொல்லிட்டேன்."

நான் உன்னைத் தனியே அழைத்துப் போய், ஒரு நாள் கூத்துதானே, விட்டுவிடு என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கெட்டுப்போன பாலை முகர்ந்துவிட்டுக் கீழே வைப்பவர்கள் பார்க்கும் பார்வை. வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொன்னாய்: "மனப்பாடம் பண்ணது இருக்கட்டும். கண்ணால பாத்தத சொல்லுங்க."

கிருத்திகை அன்று சிறப்பு விருந்தினர் வந்தார். அரிசி ஆலை முதலாளி. நெற்றி நிறையத் திருநீறு, அறிவியலின் மேல் அளவற்ற மரியாதை. பச்சை விரிப்பின்மேல் இரண்டு பாத்திரங்கள். தறிக்காரர் மகள் ஒருத்தி கத்திரிக்காயை முதல் பாத்திரத்தில் போட்டாள். அது மிதந்தது.

"சார், இது முட்ட இல்ல, கத்திரிக்கா. உப்பு இல்லாத தண்ணியிலயே மெதக்குது. பாருங்க."

விருந்தினர் கத்திரிக்காயைப் பார்க்கவில்லை, தாளாளரைப் பார்த்தார். "பாப்பா பயந்துகிச்சி," என்று சிரித்தார் தாளாளர். பக்கத்திலிருந்த பையனை முன்னால் தள்ளினார். அவன் மிதந்துகொண்டிருந்த கத்திரிக்காயை விரலால் சுட்டிக்காட்டி, "இன் ப்ளெயின் வாட்டர் தி எக் சிங்க்ஸ்" என்று தொண்டை கிழியக் கூவினான். கைதட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது. அவனுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் நாட்டுக்குத் தேவை என்றார் முதலாளி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாடு அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பெண் அழவில்லை. உன் பக்கம் திரும்பி, "மிஸ், நான் சொன்னது கரெக்ட்டுதான?" என்று கேட்டாள். பதிலுக்காக நின்றாள். எல்லோர் முன்னாலும் நீ, "ஆங், கரெக்ட்டு," என்றாய்.

மறுநாள் காலை உனக்கு யூகேஜி. கடைசிவரை அங்கேயே இருந்தாய். மூக்கு துடைத்துவிட்டு, 'அ' எழுதப் பழக்கிக்கொண்டு. ஒருநாள் வேன் நிற்கும் இடத்தில் கேட்டேன், வருத்தமில்லையா என்று. "இதுங்க இன்னும் கண்ணால பாக்குதுங்கப்பா," என்றாய்.

தமிழ் வகுப்பில் இப்போதெல்லாம் ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்போது நான் நடுவில் நிறுத்தி, நீ பார்த்தாயா என்று கேட்கிறேன். பிள்ளைகள் விழிக்கிறார்கள். என்னிடம் மிஞ்சியிருக்கும் உன் சொத்து அந்தக் கேள்விதான். தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை, பாடம் முடிவதில்லையாம்.

கிருத்திகைக்காக வந்த கத்திரிக்காய் பிறகு போகவே இல்லை. பள்ளி அச்சடித்துத் தரும் ஐந்தாம் வகுப்பு அறிவியல் குறிப்பிலேயே ஏறிவிட்டது. இந்த அரையாண்டுத் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்: சாதாரண நீரில் கத்திரிக்காய் என்ன ஆகும்? மூழ்கும் என்று எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண். இரண்டு பேர் மட்டும் மிதக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரைத் திங்கட்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறது.