வெருட்டு

யூலை 27, ஞாயிறு

போக்கரில் மூன்று ஒன்பது வைத்துக்கொண்டு தோற்றவள் இந்த யாழ்ப்பாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுதி வைக்கிறேன். ரியூசனில் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுதானே: பிழைத்த கணக்கை அழிக்காதே, ஒரு கோடு கீறிவிட்டுக் கீழே திரும்பச் செய்.

என் கையில் இரண்டு ஒன்பது. நடுவில் திறந்து கிடந்தவை ராசா, ஒன்பது, நாலு, இரண்டு, ஆறு. வாகீசன் அண்ணை தன் வட்டுகள் எல்லாவற்றையும் நடுவுக்குத் தள்ளினார். நான் ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தன்னுடையதைத் திருப்பிக் காட்டினார். எட்டும் மூன்றும். ஒன்றுமே இல்லை.

"இதுதான் பிளஃப்" என்றார்.

"அதுக்கு எங்கடை ஊரிலை வெருட்டு எண்டு பேர் அண்ணை" என்றான் ஜெயரூபன். பக்கத்து வீட்டுக்காரன், வான் ஓடுகிறவன், அண்ணை வந்த நாளிலிருந்து அவருக்குச் சாரதி. பிறகு என் பக்கம் திரும்பினான். "என்ன ரீச்சர், கணக்குப் பிழைச்சுப் போச்சோ?"

நாசமாய்ப் போவான்.

அண்ணை பெரியம்மாவின் மகன். நல்லூர்த் திருவிழாவுக்கென்று கோபிகா அண்ணியோடு ரொறன்ரோவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நிற்கிறார். இந்தப் போக்கர்ப் பெட்டியும் அவர் கொண்டுவந்ததுதான். காசு வைப்பதில்லை, அம்மா விடமாட்டா. வெறும் பிளாஸ்ரிக் வட்டுகள்.

எங்கள் வீடு என்று எழுதினேன். பாதி ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவுடையது, பாதி அம்மாவுடையது. வாழைத் தோட்டமும் அப்படித்தான். காணி உறுதியில் அப்படித்தான் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓடு மாற்றியதும் கறையான் தட்டியதும் வேலி அடைத்ததும் நாங்கள். அவர்கள் வந்தால் பெரிய அறையை விட்டுக்கொடுத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் போடுவதும் நாங்கள்.

அம்மா அவரை 'நீங்கள்' என்கிறா. தான் இடுப்பில் தூக்கித் திரிந்த பெடியனை. "தம்பி, நீங்கள் சாப்பிட்டியளோ?" கேட்க எனக்குப் பத்தி எரியும்.

ஏனென்றும் தெரியும். அப்பாவின் நெஞ்சு ஒப்பரேசனைக் கொழும்பில் செய்வித்தது அண்ணை.


யூலை 29, செவ்வாய்

கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து கத்துகிறது. இன்றைய அன்னதானம் லண்டன் இன்னார் குடும்பம். நாளைக்கு சுவிஸ் இன்னார் குடும்பம். நேற்றுப் பொழுதுபட இருந்து வெங்காயம் உரித்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. உரித்தவளின் பெயரை எந்தக் கோயிலும் வாசித்ததில்லை.

கணிதத்தில் பட்டம். அரசாங்க வேலை வரும் வரும் என்று உரும்பிராயில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் ஓ.எல். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிக்கிறேன். பின்னேரம் வந்து அதே நிகழ்தகவில் தோற்கிறேன். இன்றைக்கும் அண்ணையிடம்தான்.


யூலை 31, வியாழன்

தோட்டத்தின் மேற்குப் பக்கத்துத் துண்டு வெறுமையாகக் கிடக்கிறது. பழைய வாழையடிகளைக் கிளப்பி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. "குட்டி வைக்கேல்லையோ அப்பா?" என்றேன்.

"பாப்பம்" என்றார்.

என்னத்தைப் பார்க்கிறது?


ஓகஸ்ட் 2, சனி

நினைவில் நின்ற சீட்டுக் கைகளையெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஜெயரூபன் பந்தயத்தை ஏற்றினால் சரியாக விளையாடியிருக்கிறேன். கோபிகா அண்ணி ஏற்றினாலும் சரி. கணக்கில் பிழையில்லை. அண்ணை தள்ளினால் மட்டும் கவிழ்த்திருக்கிறேன். நாலு ராணி வந்திருந்தாலும் கவிழ்த்திருப்பேன் போல.

ஏன்?

சீட்டை விட்டுவிட்டு, தள்ளுவதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதினேன். அப்போதுதான் பிடிபட்டது. அண்ணை விறாந்தைப் பக்கம் திரும்பி, "சித்தப்பா, நெஞ்சு நோ ஒண்டும் இல்லையே? மருந்து ஒழுங்காப் போடுறியளோ?" என்று கேட்பார். அப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து, "ஓம் தம்பி, உங்கடை புண்ணியத்திலை" என்பார். பிறகுதான் வட்டுகள் நடுவுக்கு வரும். நான் கவிழ்ப்பேன். மூன்று தரம் வெறுங்கையைக் காட்டிச் சிரித்தும் இருக்கிறார்.

நல்ல சீட்டு வந்தால் அவர் ஒருவருக்கும் சுகம் கேட்பதில்லை. மிக்சர் தின்பார்.

தெரிந்து செய்கிறாரா? தெரிந்து செய்தால் கள்ளன். தெரியாமல் செய்தால் அதைவிட மோசம். அவ்வளவுக்குப் பழகிப்போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

நான் சீட்டுக்குப் பயந்து கவிழ்க்கவில்லை. நன்றிக்குக் கவிழ்த்திருக்கிறேன்.


ஓகஸ்ட் 5, செவ்வாய்

இதையும் அழிக்காமல் எழுதுகிறேன்.

மத்தியானம், சோறு போட்ட பிறகு, அண்ணை தொடங்கினார். "சித்தப்பா, இப்ப நெஞ்சு எப்பிடி? நடக்கேக்கை மூச்சு வாங்குதோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். இங்கே சீட்டே இல்லையே.

பிறகு வந்தது. வீடும் தோட்டமும் சேர்த்து வாங்க கொழும்பில் ஒரு ஹோட்டல்காரன் நிற்கிறானாம். வாற திங்கள் கையெழுத்து வைக்க நொத்தாரிசிடம் போகவேண்டுமாம். எங்களுக்கு உரும்பிராயில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்துத் தருவாராம். "சித்தி கையெழுத்து வைக்காட்டில் அம்மா பங்கு வழக்குப் போடுவா. ஏலத்திலை போகும். உங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அப்பா தட்டைப் பார்த்தார். அவருக்கு முன்னமே தெரியும். அதுதான் குட்டி வைக்கவில்லை.

நான் எழும்பிவிட்டேன். "வெருட்டாதேங்கோ அண்ணை. ஒப்பரேசன் செய்து தந்தால் வீட்டையும் எழுதித் தரவேணுமோ? என்ன மனுசர் நீங்கள்?" இன்னும் என்னவோ எல்லாம் சொன்னேன். கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. நான் உடைக்கவில்லை, ஆனால் என்னால்தான்.

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. "தம்பி, குறை நினையாதேங்கோ. அவளுக்கு வாய் கூட. நான் கையெழுத்து வைக்கிறன். திங்கட்கிழமை வாறன்."

என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பின்னேரம் வெட்கமில்லாமல் விளையாடக் கூப்பிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் போய் இருந்தேன். ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு அவர் தள்ளியதற்கெல்லாம் நானும் வட்டுத் தள்ளிப் பார்த்தேன். பாக்கிறன், பாக்கிறன், பாக்கிறன். அவர் கையில் இரண்டு ஆஸ், நடுவில் இன்னொன்று. வாய் நிறைய மிக்சர். அதைக்கூட நான் காணவில்லை.

ஜெயரூபன் மெதுவாகச் சொன்னான்: "ரீச்சர், இண்டைக்கு நீர் விளையாடேல்லை. சண்டை பிடிச்சனீர்."


ஓகஸ்ட் 6, புதன்

அம்மா கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் வைத்துவிட்டுப் போகிறா.


ஓகஸ்ட் 7, வியாழன்

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டை ஒரு சீட்டுக் கையாக எழுதிப் பார்த்தேன்.

அவர் கையில் என்ன? சுகம் விசாரித்துவிட்டுத்தான் தள்ளினார். வெறுங்கை. வழக்கும் இல்லை, வழக்குப் போட பெரியம்மாவுக்குத் தெரியுமோ என்பதே சந்தேகம். எங்கள் கையில் என்ன? பாதி உறுதி. அதுதான் இருப்பதிலேயே பெரிய சீட்டு. சும்மா இருந்திருந்தாலே போதும்.

பிறகு ஏன் தோற்றோம்?

நாலு தரம் எழுதி வெட்டினேன். கை என்னுடையது இல்லை. அதுதான் பிழை. கையெழுத்து அம்மாவுடையது. சீட்டு அம்மாவிடம். அம்மா என்ன நினைக்கிறா என்று நான் கேட்கவேயில்லை. நான் கத்தினேன். வீட்டுக்கு வந்த மனுசனை மகள் ஏசிவிட்டாள் என்ற வெட்கத்தில் அம்மா கவிழ்த்தா. அண்ணை வெருட்டி அம்மா கவிழ்க்கவில்லை. நான் கவிழ்க்க வைத்தேன்.

முதலில் நன்றிக்குக் கவிழ்த்தேன். பிறகு கோபத்துக்குப் பார்த்தேன். இரண்டு தரமும் சீட்டைப் பார்க்கவில்லை.

கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம். ஆனால் அதைச் சத்தமாகச் செலவழிக்கக் கூடாது.


ஓகஸ்ட் 9, சனி

"அம்மா, வெங்காயத்தைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்திலை இருந்து உரியுங்கோ" என்றேன். நாலு நாளுக்குப் பிறகு நான் அவவோடு கதைத்த முதல் கதை. ஏன் என்று கேட்காமல் சுளகோடு வந்து இருந்தா.

ஒரு மணித்தியாலம் நல்ல பிள்ளையாக விளையாடினேன். அண்ணை மிக்சர் தின்றால் கவிழ்த்தேன். ஜெயரூபன் கொட்டாவி விட்டான். "ரீச்சர் இண்டைக்கு விரதமோ?"

பிறகு எனக்கு ராணியும் எட்டும். நடுவில் ராணி, ஏழு, ஐந்து, மூன்று, இரண்டு. அண்ணை விறாந்தைப் பக்கம் திரும்பினார்.

"சித்தப்பா, நெஞ்சு நோ ஒண்டும் இல்லையே?"

"இல்லைத் தம்பி, உங்கடை புண்ணியத்திலை."

வட்டுகள் முழுவதும் நடுவுக்கு வந்தன. அம்மா உரித்துக்கொண்டிருந்தா. நான் சத்தம் போடாமல் என்னுடையதையும் தள்ளினேன். "பாக்கிறன். காட்டுங்கோ அண்ணை."

காட்டாமல் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு காட்டினார். பத்தும் நாலும்.

ஜெயரூபன் தொடையில் அடித்துச் சிரித்தான். "வெருட்டு பிடிபட்டுது அண்ணை!" கோபிகா அண்ணி சிரிக்கவில்லை. அம்மாவின் கத்தி நின்றிருந்தது.

"அது என்ன சீட்டு, பெரிய சீட்டோ?" என்று என்னிடம் கேட்டா.

"ஒண்டும் இல்லை அம்மா. வெறுங்கை."

அம்மா அண்ணையைப் பார்த்தா. "ஒண்டும் இல்லாமலோ தம்பி அவரின்ரை நெஞ்சை விசாரிச்சனீங்கள்?"

"விளையாட்டுத்தானே சித்தி."

"ஓம்" என்றா அம்மா. "விளையாட்டு."

சுளகைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா. நான் பின்னால் போகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.


ஓகஸ்ட் 11, திங்கள்

வெள்ளன வான் வந்துவிட்டது. அண்ணை சப்பாத்துப் போட்டுக்கொண்டு முற்றத்தில். அம்மா வீட்டுக்குள் இல்லை. தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்று வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தா. நான் கிணற்றடியில், மோட்டருக்குப் பக்கத்தில்.

"சித்தி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"நான் வரேல்லை தம்பி."

"அப்ப அம்மா வழக்குப் போடுவா. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

அம்மா ஒரு பாத்தியை மறித்து அடுத்ததைத் திறந்தா.

"சித்தப்பாவின்ரை ஒப்பரேசனுக்கு நான்..."

"செய்தனி. மறக்கேல்லை. சாகும் மட்டும் சொல்லுவன், செய்தவன் எண்டு. அதுக்குக் காணி தாறன் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை." நிமிர்ந்தா. "வழக்குப் போடவேணுமெண்டால் நீ போடு."

நீ.

அம்மா கத்தவில்லை. சாப்பிட்டியோ என்று கேட்கிற குரலில்தான் சொன்னா. அண்ணை சப்பாத்தில் சேறு படாமல் வரம்பால் திரும்பி நடந்தார். ஜெயரூபன் வானை நிற்பாட்டிவிட்டு இறங்கி வந்து, என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான்.


ஓகஸ்ட் 12, செவ்வாய்

பெரியம்மா கோல் எடுத்தா. அம்மா வழக்கைப் பற்றிக் கேட்டா. "வழக்கோ? என்ன வழக்கு? ஆருக்கு மேலை?" அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தா.

அதற்காக நாங்கள் வென்றுவிட்டோம் என்றில்லை. "ஆனா விக்கிறதும் நல்லதுதானே தங்கச்சி" என்றும் பெரியம்மா சொன்னா. அடுத்த முறை அண்ணை நல்ல சீட்டோடு வரலாம். அதுவும் எழுதி வைக்கவேண்டியதுதான்.


ஓகஸ்ட் 16, சனி

போய்விட்டார்கள். வட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறந்தா, வேண்டுமென்றா, தெரியாது. கோபிகா அண்ணி வானில் ஏறுமுன் அம்மாவைக் கட்டிப்பிடித்தா, கன நேரம்.


செப்ரெம்பர் 21, ஞாயிறு

காலையில் மேற்குத் துண்டில் குழி வெட்டினோம். நானும் ஜெயரூபனும் வெட்ட, அப்பா குனிந்து குட்டி வைத்தார். இன்று வைத்தால் குலை வெட்ட வருடம் ஒன்றாகும். அதுவரைக்கும் தோட்டம் எங்களிடம் இருக்குமோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடுவில் என் போனுக்கு ஒரு மெசேஜ். வாகீசன் அண்ணை. 'சித்தப்பாவுக்கு நெஞ்சு எப்பிடி? மருந்து போடுறாரோ?'

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. ஒருவேளை இந்த முறை உண்மையாகவே கேட்கிறாரோ. அந்தக் கேள்வியைக்கூட எங்களுக்குப் பழுதாக்கிவிட்டுப் போயிருக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாசித்துக் காட்டினேன். அம்மா குழிக்குள் எருவைக் கொட்டிக்கொண்டு, நிமிராமல் கேட்டா:

"இப்ப என்ன வேணுமாம் அவனுக்கு?"

"தெரியேல்லை. என்ன எழுதுறது?"

"நல்லா இருக்கிறார் எண்டு போடு. வாழைக்குட்டி வைக்கிறார் எண்டும் போடு."