மாட்டுக்குப் பின்னால் போன அப்பா

1999 ஜூன் 6, ஞாயிறு
இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்கு வெட்கமானதையும் சேர்த்து.

இன்று எங்கள் மூன்றாவது நாடகம். வசனம் எழுதிப் பாடமாக்குவதில்லை. பார்க்க வருகிறவர்கள் துண்டில் ஏதாவது எழுதிப் பால்மா டின்னுக்குள் போடுவார்கள். எடுத்து வாசித்த கையோடு நடிக்க வேண்டும். எங்களை நடத்தும் பாக்கியம் அக்கா கிழமை நாட்களில் சங்கக் கடையில் சாமான் நிறுக்கிறார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் குணரத்தினம் மாமாவின் கொமினிகேஷன் கடையில் வெளிநாட்டு அழைப்பு எடுத்துக் கொடுக்கிறேன். "கிழமைக்கு ஆறு நாள் வேலைக்காரியள், ஞாயிறில மகாராணியள்" என்பார் அக்கா.

ஜூன் 9
கட்டைபறிச்சானிலிருந்து கனகம்மா மாமி லோஞ்சுப் படகில் வந்து, கட்டாரில் வேலை செய்யும் மகனோடு கதைத்தார். "அப்பாவோ? மாட்டுக்குப் பின்னால போட்டார், அப்பன்." டெலிபோனை வைத்த பிறகுதான் எனக்குச் சொன்னார், தன் புருஷன் இறந்து மூன்று மாதமாம். "சொன்னா ஓடி வந்திடுவான், பிள்ளை. இளம் தமிழ்ப் பொடியன் கொழும்பில இறங்கினா பொலிஸ்காரங்கள் விடுவாங்களே? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

ஓம் என்றேன்.

ஜூன் 11
ஒத்திகை. "கண்டது கேட்டதைக் கொண்டு வாங்கோ. இந்த அறையை விட்டு வெளியில போகாது." அக்காவின் விதி அது.

நான் சொன்னேன். மாமியைப் போல இழுத்துப் பேசியும் காட்டினேன். ஏன்? எல்லாரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 13, ஞாயிறு
டின்னிலிருந்து வந்த துண்டு: 'ஒரு தாயின் டெலிபோன்.' அக்கா முன்னுக்கு வந்து, "அப்பாவோ? மாட்டுக்குப் பின்னால..." — அதே இழுவை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது, பிறகு அழுதது.

முடிந்ததும் ஏன் அதைச் செய்தீர்கள் என்று கேட்டேன். "துண்டு வந்தா நடிக்கத்தானே வேணும், விசரி" என்றார்.

கதிரை அடுக்கும்போது அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். சங்கக் கடை பில்லின் பின்பக்கம். அக்காவின் எழுத்து. அவவே போட்டு, அவவே எடுத்து — என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!

ஜூன் 14
பள்ளிக்கூடம் போகவில்லை. தலையிடி என்று பொய் சொன்னேன்.

ஜூலை 2
கனகம்மா மாமியின் பெறாமகன், தங்கையின் மகன் தவராசா, அந்த நாடகம் பார்த்து மாமியின் இழுவையை அடையாளம் கண்டிருக்கிறார். தகப்பன் செத்தது மகனுக்கே தெரியாது என்று அப்போதுதான் விளங்கியதாம். மறைப்பது பாவம் என்று கட்டாருக்குக் கடிதம் போட்டுவிட்டார். மகன் வருகிறாராம்.

"உன்னைத் தவிர ஆருக்குத் தெரியும், பிள்ளை?" என்று மாமி கேட்டார். 'நான்தான் சொன்னேன்' என்றேன் — என்று எழுதி, வெட்டுகிறேன். நான் வாயே திறக்கவில்லை.

ஜூலை 14
மகன் வந்து இறங்கித் தங்கின கொழும்பு லொட்ஜின் நம்பரோடு மாமி வந்தார். என்னிடம் தரவில்லை, தானே அழுத்தினார். பிறகு குணரத்தினம் மாமாவைப் பார்த்து மட்டும் சொன்னார்: "முந்தநாள் சோதனையாம். பொடியளை ஏத்திக்கொண்டு போட்டினமாம். ஒருத்தரும் திரும்பி வரேல்லை."

ஜூலை 18, ஞாயிறு
"சனம் அந்தத் தாய்க் கதையைத்தான் கேக்குது. இண்டைக்கு நீ செய், பூரணி" என்றார் அக்கா. மாமியின் மகனுக்கு நடந்ததை நான் சொல்லியும் அப்படிக் கேட்டார்.

மேடையில் ஏறினேன். டின்னுக்குள் கைவைக்கவில்லை. "அண்டைக்கு அந்தத் தாய்க் கதைக்கு வந்த துண்டு பாக்கியம் அக்கா எழுதினது. அந்தத் தாய் உண்மையா இருக்கிறா. ஆருக்கும் சொல்லாதை எண்டவ, நான் சொல்லிப்போட்டன். இப்ப அவவின்ர மகனைக் காணேல்லை."

முன்வரிசையில் கைதட்டினார்கள். நடிப்பென்று நினைத்தார்கள். திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன். ஒருவர் கைதட்டுவதை நிறுத்தினார், பிறகு மற்றவர்.

"போதும்!" என்று திரைக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. நான் மூன்றாம் முறை சொல்லத் தொடங்கும்போது விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.