உறையில் எழுத வேண்டிய பெயர்

லா ஷப்பெல், பாரிஸ்
12.11.2013

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லாததால், லாசர் என்கிற புதுச்சேரிக்காரரின் பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டித்தான் இந்த மளிகைக் கடையில் சேர்ந்தேன். நேற்று அந்த அட்டைப்படி எனக்குப் பிறந்தநாள். முதலாளியம்மா கலாவதி, “லாசர் தம்பி, வெக்கப்படாமல் கேக்கை வெட்டுங்கோ” என்றார். வெட்டினேன், எல்லோரும் கைதட்டினார்கள். என் சொந்தப் பிறந்தநாளன்று அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.

அனுமதியை மூன்றாம் முறையும் மறுத்துவிட்டார்கள். இனி வழியில்லை என்கிறார் வக்கீல். கோயிலில் என் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யுங்கள்.

கடைக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் உறையில் லாசர் என்றே எழுதுங்கள், அம்மா. தபால்பெட்டியிலும் அவர் பெயர்தான். என் பெயரை எழுதினால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் மகன்,
தேவநாதன்