முப்பத்தெட்டு மணித்தியாலம்

அன்பு மகன் அஜந்தனுக்கு,

ஏழு வருடம் உன்னோடு பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவெடுத்து எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி மதனியும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒருநாள் முன்கூட்டியே அறிவிக்கிறது. நீயும் மெல்பர்ன் குளிருக்கு ஏற்றபடி உடுத்தி, நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நீ அம்மாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதனியை உங்கள் பள்ளிக்கூடத்து மாண்பு மன்றத்துக்குத் தெரிவு செய்தார்கள், நல்ல பரீட்சைப் பெறுபேறு உள்ளவர்கள் நாற்பது மணித்தியாலம் சேவையும் செய்தால் சின்னம் தருகிற அதே மன்றம். பெயரைக் கேட்டதுமே எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. நீ உயர்தரம் படிக்கும்போது அந்தச் சின்னத்தை மூன்றே நாள் குத்திக்கொண்டு போய், நாலாம் நாள் மன்றத்துக்குப் பொறுப்பான விமலநாதன் மாஸ்டரின் மேசையில் கழற்றி வைத்தாய். நாற்பது மணித்தியாலம் சேவை செய்ததாக நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், நீ செய்தது பதினொன்று. மற்றத் தகப்பன்மாரும் அப்படித்தான் போட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகள் சின்னத்தோடு படம் பிடித்து மாட்டினார்கள், என் மகன் மட்டும் உண்மையைச் சொல்லி என்னைத் தலைகுனிய வைத்தான் என்றே இவ்வளவு காலமும் நினைத்தேன். யோகராஜ் மாமா கடுகண்ணாவையில் இருக்கும் தன் இரும்புக் கடையில் ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையையும் சேர்த்து நிறுத்துக் கொடுத்தார். அவரோடு நான் இன்னும் பேசுவதில்லை, பேசப்போவதும் இல்லை.

மதனி படிவத்தைக் கொண்டுவந்ததும் நான் பேனாவைத் தேடினேன். அவள் சிரித்துக்கொண்டு, "உங்க கையெழுத்து இனி செல்லாதுப்பா, வேலை செஞ்ச எடத்து ஆளுதான் போடணும், அண்ணன் விஷயத்துக்கு அப்புறம் வந்த சட்டம், ஸ்கூல்ல கணபதி சட்டம்னுதான் சொல்றாங்க" என்றாள். என் பெயரைச் சொல்ல இந்தக் கண்டியில் அது ஒன்றாவது இருக்கிறதே.

சனிக்கிழமைகளில் மஹய்யாவ வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. துணைக்குப் போன நான் கதிரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். வாசிகசாலைப் பொறுப்பாளர் ஜெயராணி, "சும்மா இருக்கிற கைக்கு இந்தாங்க" என்று பசையையும் கிழிந்த புத்தகங்களையும் தந்துவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் நானும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் என்னைத் தாத்தா என்ற ஒரு பிள்ளையை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அவள் இப்போது தடுமாறாமல் ஒரு பக்கம் வாசிக்கிறாள். பெறுபேறு மட்டும் போதாமல் மன்றம் ஏன் சேவையையும் கேட்கிறது என்பது, எனக்கு அவள் அந்தப் பக்கத்தை முடித்தபோதுதான் விளங்கியது.

கடைசிச் சனிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை, வாசிகசாலை பூட்டு. கணக்கு முப்பத்தெட்டில் நின்றுவிட்டது, படிவம் கொடுக்கத் திங்கள் கடைசி நாள். ஞாயிறு கையெழுத்து வாங்க ஜெயராணியின் வீட்டுக்குப் போனோம். "ரெண்டுதானே குறையுது, நாப்பதுன்னே போட்டுர்றேன்" என்றார் ஜெயராணி. மதனி என் முகத்தைப் பார்த்தாள். "முப்பத்தெட்டுன்னே போடுங்க" என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சின்னம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவளோடு பள்ளிக்கூடம் போனேன்.

விமலநாதன் மாஸ்டர் படிவத்தைப் பார்த்து, "ரெண்டு மணித்தியாலத்தை வாற சனிக்கிழமை செய்து முடி பிள்ளை, சின்னம் எங்கயும் ஓடாது" என்றார். பிறகு என்னிடம், "குறையைக் குறையெண்டு சொல்லிக்கொண்டு வந்தது ரெண்டே பிள்ளையள்தான், ரெண்டும் உங்கட வீடு. அஜந்தனும் மிச்சத்தைச் செய்து தாறன் எண்டுதான் நிண்டவன், நீங்கள்தான் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனனீங்கள்" என்றார்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிழை என்னுடையது மகனே. மதனி சின்னம் குத்திக்கொள்ளும் அன்று போன் எடுத்து, அப்பாவிடம் கொடுங்கள் என்று கேள்.

நீ நீண்ட ஆயுளோடு நல்லபடியாக இருப்பாய். தொப்பி போடாமல் வெளியே போகாதே. இதை நாளை பல்லேகலவுக்கு வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடுவேன். உனக்காக ஒருதரம் போட்ட கையெழுத்தே போதும், இதில் போடப்போவதில்லை.